படுத்து வர்றவங்களா, உக்காந்து வர்றவங்களா?

ஏற்காட்டில் டாக்சி ஓட்டிய பக்கீர் முகமதுவிடம் யார் வண்டி கேட்டுப் போனாலும், எந்த ஊருக்கு என்று முதலில் கேட்கமாட்டார். "படுத்து வர்றவங்களா, உக்காந்து வர்றவங்களா?" என்பார். புதியவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கேள்விக்குக் காரணமான நாளில் நான் அவர் வண்டிக்குள் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய அப்பாவுக்குச் சேலத்தில் சைக்கிள் கடை. பங்ச்சர் ஒட்டியே வளர்ந்தவருக்குத் தன் வண்டி பங்ச்சர் ஆவது மானப் பிரச்சினை. எஸ்டேட் பாதையின் கூரான கற்களுக்குப் பயந்து, 1984 ஐப்பசியில் தன் அம்பாசிடருக்குச் சரக்கு வண்டி டயர்கள் நான்கை மாட்டினார். லாரிக்காரர்கள் சொன்னபடி, தட்டினால் கை வலிக்கும் அளவுக்குக் காற்றும் அடித்திருந்தார்.

அந்த வாரமே நாகலூரிலிருந்து லாசர் பஸ் ஏறி வந்து பக்கீரையும் என்னையும் வண்டியோடு அழைத்துப் போனான். காப்பிப் பழம் பறிக்கும் அவன் மனைவி ஜெயமேரிக்கு ஏழரை மாதம். வலியே இல்லாமல் உதிரம் போய்க்கொண்டிருந்தது. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்திருக்க வேண்டும். உள்ளே கை வைத்துப் பார்க்கக் கூடாது, உடம்பு அதிரக் கூடாது. சேலத்துக்குக் கொண்டுபோய் அறுவை செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும்.

அவளைப் பின்சீட்டில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான் கீழே இடுக்கில் உட்கார்ந்தேன். ஏற்காடு வருவதற்குள் மூன்று துணி நனைந்துவிட்டது. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் டயர் வழியே நேராக அவள் உடம்புக்கு வந்தது.

"மெதுவா போப்பா."

"இதுக்கு மேல மெதுவான்னா எறங்கி நடக்கோணுமுங்க சிஸ்டரம்மா. டயரு புதுசுங்க, ஆணி மேல ஏறுனாலும் அசையாதுங்க."

"டயரு அசையாது. அதான் உள்ள இருக்கறவ அசையறா. பழைய டயரு எங்க?"

"ஊட்டுல கெடக்குதுங்க. நொம்ப வழுக்கைங்க. இந்த மழைக்கு வளைவுல நிக்காது."

"அப்ப இதுலயே காத்த எறக்கு."

முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். கீழே இன்னும் பத்தொன்பது வளைவுகள். பனி மூடி, ஓரக்கற்களே தெரியவில்லை.

"காத்து கம்மியானா பின்பக்கம் வாலாட்டுமுங்க. டயரு ரிம்ம உட்டுக் கழண்டா எல்லாரும் பள்ளத்துலதானுங்க."

"ஏனுங்க, எதாச்சும் ஒண்ணு சீக்கிரம் பண்ணுங்க!" என்றான் முன்சீட்டிலிருந்த லாசர்.

பக்கீர் இறங்கி, சாவி முனையால் வால்வை அழுத்தினார். பின்சக்கரங்களில் நிறைய, முன்சக்கரங்களில் கொஞ்சம். "இதுக்கு மேல உட்டா ஸ்டியரிங் பேச்சக் கேக்காதுங்க" என்று ஏறிக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் பின்பக்கம் ஒரு முழம் சறுக்கியது. ஜெயமேரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் வண்டியை முழுதாக நிறுத்தி, பிறகுதான் திருப்பினார். ஒரு மணி நேரப் பாதை இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதிர்வு குறைந்தது, ஆனால் நேரம் போனாலும் உதிரம் போகும். நான் சொன்னது சரியா தப்பா என்று அடிவாரம் வரை எனக்குத் தெரியவில்லை. நாடியைப் பார்ப்பதும் துணியைப் பார்ப்பதுமாக இருந்தேன். நான்காவது துணி அடிவாரத்தில் பாதிதான் நனைந்திருந்தது.

சேலத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ கூட இல்லை. அதைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். தாய்க்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். பக்கீர் பெட்ரோல் பங்கில் காற்று அடித்துக்கொண்டு தனியாக மலையேறினார். பின்டயர்களின் ஓரம் தேய்ந்து நார் தெரிந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னார்.

அடுத்த மாதம், நோயாளி ஏறினால் மாற்றிப் போட, மெத்தென்ற டயர்கள் நான்கை ரிம்மோடு வாங்கி ஷெட்டில் வைத்தார். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவர லாசர் வண்டி கேட்டுப் போனபோதுதான் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டார்.

"அவ உக்காந்துதானுங்க வருவா. பாப்பாதான் படுத்துக்கிட்டு வரும்" என்றான் லாசர்.

பக்கீர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார்.