மேற்கு வாசலை விட்டுப் போனவள்

ஜெர்லின் அக்கா மீன் வாங்கும்போதுகூட சுவருக்கு முதுகு கொடுத்தே நிற்பாள். தென் சூடானிலிருந்து வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவள் என் பெரியம்மா மகள். தூத்துக்குடி மரைன் போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். ஐ.நா. அமைதிப்படையின் போலீஸ் பிரிவில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் சால்வை போர்த்தக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

அங்கே நடந்ததை என்னிடம் மட்டும் சொன்னாள், நானும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் என்பதாலோ என்னவோ.

சண்டையில் வீடிழந்தவர்களின் முகாம். மேற்கு வாசலில் அவள் குழு காவல் நின்றது. விறகு பொறுக்கப் போன பெண்களில் நியாரியெக் என்பவள் மட்டும் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. எங்கள் கரையில் ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் பேச்சே கிடையாது. அத்தனை வள்ளங்களும் தேடப் போகும், கிடைக்கும்வரை தொழில் இல்லை. அக்கா அந்தப் பழக்கத்தில் பிறந்தவள். மேலிடத்தில் கேட்காமல் மொத்தக் குழுவையும் கூட்டிக்கொண்டு தேடப் போனாள். ஆளில்லாத வாசல் வழியாகத் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்தார்கள். நியாரியெக் அதற்கு முன்பே வேறு பக்கமாக முகாமுக்குள் வந்திருந்தாள். செத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"ரெண்டு பேரையாவது வாசல்ல விட்டுட்டுப் போயிருக்கலாம், ஏளா. எனக்குத் தோணவே இல்ல," என்றாள். பிறகு சாளை மீனைக் கழுவத் தொடங்கினாள்.

போன ஆனியில் கச்சான் காற்று சீறிய ஒரு நாள், அவள் தம்பி மெல்வின் போன வள்ளம் திரும்பவில்லை. அவனோடு இன்னும் இரண்டு பேர். தகவல் போய், தேடுவதற்குக் கடலோரக் காவல்படைக் கப்பல் கிளம்பியிருந்தது. வேறு யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. அதை நிறைவேற்றக் கரையில் நின்றவள் அக்காதான்.

மத்தியானமே ஆண்கள் வள்ளங்களில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரோச் மாமா கடலில் மூத்தவர். அவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்புவார்கள். அவர் அக்காவிடம் வந்தார்.

"உத்தரவு கெடக்கட்டும். உன் தம்பில்லா? நீ என்ன சொல்லுத?"

அக்கா கடலைப் பார்க்கவில்லை. மணலில் நின்ற பெண்களையும் பிள்ளைகளையுமே பார்த்தாள்.

"ஒரு வள்ளமும் போகக் கூடாது, மாமா."

"வெளிநாடு போயி தொப்பி மாட்டிட்டு வந்தா, கூடப் பொறந்தவன் அன்னியனாயிருவானோ?"

"இந்தக் காத்துல நீங்க போயி கவுந்தா, இவளுகளுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்ல?"

முதல் வள்ளத்தின் முனையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக யாருக்கும் கை வரவில்லை. பெரியம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்தபின் கப்பல் இரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தது. கவிழ்ந்த வள்ளத்தை மெல்வினும் பொழுது அடையும்வரை பிடித்துக்கொண்டிருந்தான், அதன் பிறகு காணவில்லை என்றார்கள்.

அன்றிலிருந்து பெரியம்மா அவளுக்குச் சோறு போடுவதில்லை. கேட்டவர்களிடம் அக்கா எந்த நியாயமும் சொல்லவில்லை. என்னிடம் ஒருமுறை கேட்டாள், போயிருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. தென் சூடானிலாவது தவறு எதுவென்று தெரிந்தது.

காற்று தணிந்ததும் உடலைத் தேட ஊரே இறங்கியது. சீருடையில்லாமல் வந்த அக்கா ரோச் மாமாவின் வள்ளத்தில் ஏறினாள். அவர் தடுக்கவுமில்லை, முகம் பார்க்கவுமில்லை. எஞ்சின்கள் உறுமத் தொடங்கியபோது அவள் எழுந்து நின்றாள்.

"ரெண்டு வள்ளம் கரையிலயே நிக்கட்டும்."

இரண்டு வள்ளங்கள் நங்கூரத்தை எடுக்கவில்லை.