ஆறு ரெக்கார்டு, ஒரு கை

நல்லவள் என்று பெயர் எடுக்கும் ஆசையைப்போல அற்பமானது வேறு இல்லை. தர்மபுரியில் நான் தாவரவியல் படித்த மூன்று வருடமும் அந்த ஆசையில்தான் போனது. யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிடுவேன். கோலப்போட்டியா, என் பெயர். ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்க்க வேண்டுமா, நான். விழாவில் நன்றியுரை சொல்ல ஒருவரும் இல்லையா, இருக்கவே இருக்கிறாள் மொரப்பூர்க்காரி. என்னைவிட எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு மானம் அதிகம். கூட்டம் நிறைந்துவிட்டால் அது நிறுத்தாமல் போய்விடும்.

இதற்கெல்லாம் மேல் ரெக்கார்டு. அறிவியல் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆய்வகத்தில் பார்த்ததையெல்லாம் கெட்டி அட்டை போட்ட நோட்டில், இடதுபக்கம் பென்சிலில் படமும் வலதுபக்கம் பேனாவில் விளக்கமுமாக எழுத வேண்டும். துறைத் தலைவர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்குள் விடுவார்கள். போடாவிட்டால் அந்த வருடம் கோவிந்தா. அவரவர் கைப்பட எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. வகுப்பில் யாருக்குப் படம் நன்றாக வருமோ அவள் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம்.

எனக்குப் படம் வரும். வேரோ தண்டோ, எதை வெட்டிக் காட்டினாலும் கோடு பிசகாமல் வரைவேன். கடைசி வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்த பாப்பிரெட்டிப்பட்டிக்காரி இதை மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஏய், எங்க வூட்டுல அக்கா கல்யாணம்டி. ஒரு எட்டு படம் மட்டும் போட்டுக் குடுடி. நீ போட்டா அது படமாடி? போட்டோடி!"

போட்டோவாம். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி, படத்தோடு விளக்கத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். அக்கா கல்யாணம் முடிந்த பிறகும் நோட்டு என்னிடமே இருந்தது. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அவளுக்குக் கை சுளுக்கு. செல்போனைத் தொட்டால் மட்டும் அந்தச் சுளுக்கு சரியாகிவிடும். அப்புறம் மூன்று பேர். காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனார்கள். நானோ ஏதோ பட்டம் கிடைத்த பெருமையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய ரெக்கார்டை எப்போது எழுதினேன் என்றால், கடைசி மூன்று நாளில், பஸ்ஸில், மடியில் வைத்து. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரைக்கும் ரோட்டில் இருந்த மேடுபள்ளம் அத்தனையும் அதில் பதிவாகியிருந்தன. வட்டமாக இருக்க வேண்டிய தண்டு கத்தரிக்காய்போல ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

ஒப்படைக்கும் நாளில், ஆய்வகத்தில் ஒரே மேசை என்பதால், எங்கள் ஆறு பேரையும் துறைத் தலைவர் ஒன்றாகக் கூப்பிட்டார். ஐந்து நோட்டையும் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. ஐந்திலும் ஒரே கை, ஒரே மை. அந்த மனிதருக்கு அது கண்ணில் படவே இல்லை. வெரிகுட் போட்டுக்கொண்டே வந்தவர் என் நோட்டைத் திறந்ததும் நிமிர்ந்தார்.

"இது யாரு எழுதிக் குடுத்தது?"

"நானேதாங்க சார்."

"பொய் சொல்லாதம்மா. நீ நல்லா வரைவேன்னு எனக்குத் தெரியாதா? எவன்கிட்டயோ குடுத்து எழுதி வாங்கிட்டு வந்திருக்க. இந்தப் புள்ளைங்களப் பாரு, எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்குதுங்க. உனக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தப் பொறுப்பான பிள்ளைகள் ஐவரையும் பார்த்தேன். நான்கு பேர் தரையைப் பார்த்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்காரி மட்டும் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். வருடம் போவது எனக்கு, கெஞ்சல் அவளுக்கு! வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கும் என் தலை பழக்க தோஷத்தில் ஆடத் தொடங்கியது. அப்போதுதான் அவள்மேல் வந்ததைவிட என்மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், அந்த அஞ்சும் நான் எழுதுனதுங்க."

அவர் நம்பவில்லை. ஒரு தாளைத் தள்ளினார். அங்கேயே நின்று ஒரு தண்டை வரைந்து காட்டினேன். அதை ஐந்து நோட்டோடும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. அதை மறைக்கக் கத்தினார்.

"திங்கக்கிழமைக்குள்ள ஆறு பேரும் அவங்கவங்க கையால திருப்பி எழுதிட்டு வரணும். இல்லன்னா எக்ஸாம் கிடையாது!"

வெளியே வந்ததும் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி, "இப்படிக் காட்டிக் குடுத்துட்டியேடி, நீ எல்லாம் ஒரு ஃபிரெண்டா?" என்று அழுதாள். மற்றவர்கள் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். அவள் கண்ணைத் துடைக்கக்கூட யாராவது வேண்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.

அதற்குள் துறைத் தலைவர் கதவைத் திறந்து என்னை மட்டும் கூப்பிட்டார். திட்டு பாக்கி இருக்கிறதோ என்று போனேன்.

"ஏம்மா, எக்ஸாமுக்கு வெளியிலிருந்து சார் வர்றாரு. வாசல்ல வெல்கம் போர்டு எழுதணும். கலர் சாக்பீஸ்ல பூவெல்லாம் போட்டு நீயே அழகா எழுதிடு. நாளைக்கு வந்துடு."

ஆளைப் பாருங்கள்! கையெழுத்து இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

"முடியாதுங்க சார். ரெக்கார்டு எழுதணும்."

கத்தப்போகிறார் என்று நின்றேன்.

"அப்படியா? சரி, வேற யாரையாவது எழுதச் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். மூன்று வருடமும் இருந்திருக்கிறார்கள்.