எலுமிச்சம்பழம் மட்டும் நசுக்கிய கார்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று மழையில் நனைந்து, காக்கை எச்சம் வாங்கி, சந்தைக்கும் கிளினிக்குக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது தெருவில் நிற்கும். இன்னொன்று போர்ச்சில், கூரைக்கு அடியில், துணி உறை போர்த்திக்கொண்டு நிற்கும். அதுதான் என் கணவரின் கார்.

ஜப்பானில் செய்தது. காட்டுப் பாதையில் சேறும் கல்லும் தெறிக்க ஓடுகிற ராலி பந்தயத்துக்கு அப்போது ஒரு விதி இருந்ததாம். பந்தயத்தில் விடுகிற காரைப் போலவே கொஞ்சம் கார்கள் செய்து, ரோட்டில் ஓட்டுகிற சாதாரண ஜனங்களுக்கும் விற்றாக வேண்டும். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று இது. எடை குறையட்டும் என்று ஏர்கான்கூட வைக்கவில்லை. வேண்டாம், சொல்லாதீங்க என்று நான் கெஞ்சியும் இவர் விடாமல் சொன்னதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு இறங்கும் என்பது இவர் கட்சி. அதனால் கார் லாரியில் வந்து இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். ரோட் டெக்ஸை மட்டும் தவறாமல் கட்டுவார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் கேட்டைச் சாத்திவிடுவார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் உறை கழலும். சாமி காரியத்தில் இவர் குறை வைப்பதில்லை. ஆனால் சந்தனமும் குங்குமமும் பெயின்ட்டில் படக் கூடாது. முதலில் பானட்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டுவார். அதன்மேல்தான் நான் பொட்டு வைக்க வேண்டும். சாமி இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு முழம் முன்னால் எடுத்து நசுக்கி, திரும்பப் பின்னால் விடுவார். அந்த வருஷத்துப் பயணம் அதோடு முடிந்தது.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தக் காரில் ஏறி, கடல்மேல் போகிற இரண்டாவது பாலத்தைத் தாண்டி, அக்கரையில் இருக்கிற பத்து காவான் வரைக்கும் ஒரு தடவை போய் வர வேண்டும். கார்களைப் பற்றி எனக்கு அக்கறை கிடையாது. ஆனால் இத்தனை வருஷமாக வீட்டில் சக்களத்தி மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாதா? கேட்டால், "பாப்போம்லா" என்பார்.

போன வருஷம் இவருக்கு முழங்கால் கெட்டுப்போனது. அந்தக் கிளட்ச் கல் மாதிரி, மிதிக்க முடியவில்லை. நல்ல கைக்குப் போகட்டும் என்று விற்க முடிவு செய்தார். எனக்குத் திக்கென்றது. கார் போகிறதே என்றல்ல. நான் ஏறாமலே போகிறதே என்றுதான்.

ஈப்போவிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய ராலி கார்களாகத் தேடிச் சேர்க்கிறவர். எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர். டார்ச்சோடு தரையில் படுத்து அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தார். கடைசியில் டயர் இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தார்.

"என்னண்ணே இது, எலுமிச்சங்கொட்டையா?"

"பூஜைக்கு வச்சது தம்பி."

"கல்லு, மண்ணு ஒண்ணுமே இல்லயே. காடி ரோட்டுக்கே போவலயா?"

"போவல. கிலோமீட்டர பாருங்க," என்றார் இவர், பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "நின்னுகிட்டே இருந்தா ரப்பரெல்லாம் காஞ்சி போயிரும்ணே. சீல் எல்லாத்தயும் மாத்தணும். பரவால்ல. நா வச்சி பாக்க வாங்கல, ஓட்டத்தான் வாங்குறேன்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் இத்தனை வருஷமாக இதைத்தானே சொன்னேன் என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். பின் சீட் முழுக்க இவர் சேர்த்துவைத்த ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகள். முன்னால் ஒருவருக்குத்தான் இடம். இவர் ஏறப் பார்த்தார். பந்தயக் கார் சீட் பள்ளமாக இருக்கும், முழங்கால் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போய்ட்டு வா," என்றார்.

பாலம் வரைக்கும் போகவில்லை, கடலோரச் சாலை மட்டும்தான். கண்ணாடியை இறக்கியும் வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு குழியும் முதுகில் தெரிந்தது. சாலை காலியாக இருந்த இடத்தில் அவர் கொஞ்சம் மிதித்தார். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது இவர் கேட்டருகிலேயே நின்றிருந்தார்.

"எப்படி இருந்துச்சி?"

சூடு, சத்தம், முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சிங்க," என்றேன்.

இவர் பானட்டின் மேல் கை வைத்தார். சுட்டிருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.