நான்கு மூலையிலும் மஞ்சள்

நான் வேலை பார்த்தது பில் பாஸ் செய்யும் அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கித் தின்றுகொண்டே அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நான் வீரனில்லை. ரோடு போட்டவர், வாய்க்கால் வெட்டியவர், ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுத்தவர் என்று அரசாங்கத்துக்கு வேலை செய்த எல்லாருடைய பில்லும் என் மேசைக்கு வரும். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவேன். இல்லையென்றால் ‘அப்ஜெக்‌ஷன்’ எழுதித் திருப்பிவிடுவேன்.

ஏம்பலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு நடையாய் நடந்து ஒரு தேர்தலுக்கு முன் என்னைத் தினக்கூலியாக உள்ளே தள்ளினார். அடுத்த தேர்தலுக்கு முன் நிரந்தரம் ஆக்கினார்கள். நாலு பேர் வேலைக்கு என்னைப் போல் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். வேலையில்லாத ஆறு பேரில் நானும் ஒருவன் என்று எனக்கு அப்போதே தெரியும், சம்பளத்தை மட்டும் முழுசாக வாங்கினேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடன். அரசாங்கத்துக்கு வரி ஏற்றப் பயம், கரண்ட் கட்டணம் ஏற்றப் பயம், ஆனால் இலவசம் கொடுக்க மட்டும் ஆசை. வரவுக்கும் செலவுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தைக் கடனால் நிரப்பினார்கள். பழைய கடனைக் கட்டும் நாள் வந்தால் புதுக் கடன். மதகும் பாலமும் கட்ட வாங்கியிருந்தால் அது விளைச்சலாகத் திரும்பியிருக்கும். நாங்கள் அதைச் சம்பளமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டோம்.

கடல் தாண்டி ஒரு நாடு கடனில் முழுகி, ஜனங்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றதை அலுவலக டிவியில் பார்த்தோம். “நல்ல வேள, நமக்கு அப்டி இல்ல” என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நான் டீயைக் குடித்தேன். எங்களிடம் வரிசை கிடையாது, அவ்வளவுதான். பில் பில்லாகத் திருப்பி அனுப்பினால் யார் கண்ணுக்கும் தெரியாது.

பணம் வந்தால் முதலில் வட்டி. பிறகு சம்பளம், பென்ஷன். பிறகு கரண்ட் வாங்கிய பாக்கி. மிச்சம் மீதி இருந்தால்தான் வாய்க்காலும் மருந்தும். வட்டி பில் ஒருமுறை கையெழுத்தே இல்லாமல் வந்தது. நான் திருப்பவில்லை. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, அதிகாரியைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி வந்து அன்றைக்கே பாஸ் செய்தேன். வட்டி ஒரு நாள் தவறினால் அப்புறம் எவனும் கடன் தர மாட்டான்.

மார்ச் கடைசியில்தான் எங்கள் திறமை தெரியும். மலை மாதிரி பில் குவியும், பணம் இருக்காது. இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, அரசாங்கத்துக்கு அவமானம். அதிகாரி மேசை மேசையாக வந்து, “நல்லாப் பாத்து அனுப்புங்க” என்பார். குறை கண்டுபிடித்துத் திருப்புங்கள் என்று அர்த்தம். ஏப்ரல் ஒன்று விடிந்தால் அந்த வருஷத்து ஒதுக்கீடு செத்துப்போகும், பில்லும் கூடவே போகும். முத்திரை சாய்ந்திருக்கிறது, எழுத்தால் எழுதிய தொகையில் ‘மட்டும்’ இல்லை, கையெழுத்து கோட்டைத் தொடுகிறது. இதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அப்படி ஒரு மார்ச் கடைசி வாரத்தில் என் மச்சான் வந்தான். என் மனைவிக்குத் தூரத்தில் தம்பி முறை. நெட்டப்பாக்கம் பக்கம் கரும்பு போடுகிறவன். அவன் நிலத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கரை இடிந்து கிடந்தது. கான்ட்ராக்ட் எடுக்க யாரும் வரவில்லை, பணம் வராது என்று தெரிந்தவர்கள் அவர்கள். இவனுக்குத் தெரியாது, தானே எடுத்துவிட்டான். ஃபைனான்ஸில் டிராக்டரை வைத்துப் பணம் வாங்கி, சொந்த வாய்க்கால் என்று நினைத்துக் கரையை நன்றாகக் கட்டிவிட்டான். முதல் கான்ட்ராக்ட், முதல் பில்.

தபாலில் போடாமல் கையிலேயே கொண்டு வந்தான்.

“மாமா, எல்லாம் கரெக்டா கீதா பாருங்க. எஞ்சினியரு மூணு தபா அளந்தாரு.”

பிரித்துப் பார்த்தேன். அளவு சரி, கையெழுத்து சரி, முத்திரை நேராக இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி.

“இது இன்னாடா?”

“எங்கூட்டுக்காரி வெச்சிது மாமா. மொத பில்லு இல்ல? சாமி கிட்ட வெச்சி எடுத்தாந்தேன்.”

சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, காலையிலிருந்து அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் அகப்படவில்லை, இதுதான் முதல். அவன் கண் முன்னாலேயே எழுதினேன்: ‘பில்லில் கறை படிந்துள்ளது. புதிதாகத் தயாரித்துச் சமர்ப்பிக்கவும்.’

“மாமா, மஞ்சதான மாமா.”

“ரூலுன்னா ரூலுதாண்டா. புதுசா எழுதி எஞ்சினியரு கையெழுத்து வாங்கினு வா.”

எஞ்சினியர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும். மச்சான் அந்த வாரம் முழுக்க அவர் வீட்டு வாசலில் நின்றான் என்று என் மனைவி சொன்னாள். அவர் வந்தபோது ஏப்ரல் ஆகிவிட்டது. புது வருஷத்தில் மறுபடி அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஃபைல் வேண்டும், ஃபைல் போனால் ‘நிதி நிலைமை சீரானதும்’ என்று ஒரு வரி எழுதித் திரும்பி வரும். அந்த வரியை எழுதுகிற சீட்டுக்கே கொஞ்ச நாளில் நான் மாறினேன்.

கரும்பு வெட்டு நடக்கும்போது ஃபைனான்ஸ்காரர்கள் வந்து டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார்கள். டிரெய்லரில் பாதி லோடு இருந்தது, அதைக் கீழே தள்ளிவிட்டுப் போனார்கள். கட்டு காய்ந்து எடை விழுந்து ஆலையில் பாதி விலைக்குப் போனது. பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டான். அந்த வாய்க்காலுக்கு அடுத்த முறை டெண்டர் போட்டவர், பணம் எப்போது வருமோ என்ற பயத்தையும் விலையில் சேர்த்துப் போட்டார். அதற்கும் கடன் வாங்கினார்கள்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். என் பென்ஷன் காகிதத்தில் என் பிறந்த தேதியே தப்பாக இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அவர்களாகவே திருத்தி, போன் செய்து சொன்னார்கள். மாதக் கடைசி வேலை நாளில் பணம் வந்துவிடுகிறது, ஒரு மாதமும் தவறியதில்லை.

அதை எடுக்க வில்லியனூர் ஏடிஎம்முக்குப் போனேன். நீலச் சட்டையில் வாட்ச்மேன் ஒருவன் எழுந்து கதவைத் திறந்தான். மச்சான். இளைத்துப் போயிருந்தான், தொப்பி மட்டும் பெரிதாக இருந்தது.

“வாங்க சார். பென்சன் வந்துட்ச்சா சார்?”

மாமா என்று கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தேன். “வந்துட்ச்சி” என்றேன். உள்ளே போய்ப் பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான், வழி விடவில்லை.

“சார், ஒண்ணு கேக்கணும். பில்லு வராட்டி போவுது, அத வுட்டுட்டேன். எங்கூட்ல தெனமும் சொல்லிக்கினே கீறா சார், என் கையாலதான் எல்லாம் போச்சின்னு. அன்னிக்கி வெச்சதோட சரி, மஞ்சளத் தொடவே மாட்டன்றா. பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்குக் கூட வேற ஆளு வந்துதான் தடவுனாங்க. நீங்க உள்ள இருந்தவரு, நெசத்தச் சொல்லுங்க. அந்த மஞ்ச இல்லன்னா பாஸ் ஆயிருக்குமா சார்?”

ஆகியிருக்காது. மஞ்சள் இல்லாவிட்டால் முத்திரையில் ஏதாவது கண்டுபிடித்திருப்பேன். கஜானாவில் அன்று எதுவும் இல்லை. அதைச் சொன்னால் அவன் மனைவி அன்றைக்கு நிம்மதியாகச் சோறு சாப்பிட்டிருப்பாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே குறை தேடி எழுதியவன் நான் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். என் சட்டைப் பையில் அந்த மாதப் பென்ஷன் இருந்தது.

“ஆயிருக்கும்டா” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கதவை முழுசாகத் திறந்து ஒதுங்கி நின்றான்.