சிவப்புக் கோடு போட்டவள்

ஓடிப்போனாள் என்று எவள் சொன்னது? மேல்மாடிக்காரியா? அவள் சொல்லுவாள். மாடியிலிருந்து பார்க்கிறவளுக்கு நடப்பவர்களின் உச்சந்தலைதான் தெரியும், முகம் எங்கே தெரியப்போகிறது? ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், வாசல் வழியாக, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டா போவாள்? என் மகன் போனானே, அதற்குப் பெயர்தான் ஓடிப்போவது. வெளியூரில் வேலை என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனவன், அப்புறம் போனில் வெறும் குரலாக வந்தான், பிறகு அந்தக் குரலும் தேய்ந்து போயிற்று. அப்போது இந்தத் தெருவில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஆண்பிள்ளை, பிழைக்கப் போயிருக்கிறான் என்றார்கள். என் மருமகள் பிழைக்கப் போனால் மட்டும் அது ஓட்டமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, எனக்கும் தெரியும். என் வாய்க்கும் மூடி இல்லை, அதை ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் தபால்காரப் பெண். அவளும் இந்தக் கதையில் வருகிறாள். தன்னைப் பற்றி வரும் இடத்தில் கையை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

என் மருமகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்க ஆட்களிடம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே பேச்சுதான். நான் கோபமாக வாயெடுத்தால், "அத்தை, மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்பாள். பிடிப்பேன். விடும்போது பாதிக் கோபம் போயிருக்கும். மீதிப் பாதி எனக்கு வேண்டும், வைத்துக்கொள்வேன்.

சைக்கிள் வந்தது லைன்மேனால். கம்பம் கம்பமாக ஏறி இறங்குகிறவன், ஒரு நாளும் கம்பத்திலிருந்து விழுந்ததில்லை. ஊருக்குப் பின்னாலிருக்கும் மலையில் சைக்கிளோடு உருண்டு, மணிக்கட்டை உடைத்துக்கொண்டு இவளிடம் படமெடுக்க வந்தான்.

"கம்பத்துல விழாதவரு தரையில விழுந்தீங்களா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"அந்தத் தரையை ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் சிரிங்க" என்றானாம் அவன்.

போய்ப் பார்த்தாள். கொஞ்ச நாளில் யாரோ வேண்டாமென்று கழித்த மலைச் சைக்கிள் ஒன்று எங்கள் முன்னறைக்கு வந்துவிட்டது. தடித்தடியாகப் பல் வைத்த டயர். முன்பக்கம் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பும் இரண்டு கால்.

"என்னடி இது, எருமை மாதிரி நிக்குது?"

"எருமை இல்ல அத்தை, ஆடு. மலை ஏறும் பாருங்க."

முதலில் அது எங்கே ஏறியது? முன்னறையில்தான் கழன்று கிடந்தது. சோபாவை என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கி மாட்டும் இரும்புத் தாங்கியை வைத்தாள். சக்கரத்தின் நடுவைத் திறந்தபோது உள்ளேயிருந்த குட்டிக் குண்டுகள் உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டன. விளக்குமாற்றால் ஒவ்வொன்றாக நான்தான் வெளியே இழுத்தேன். செயினைத் தேய்க்க என் பழைய பல்துலக்கியைக் கேட்டாள், கொடுத்தேன். மறுநாள் காலையில் அவசரத்தில் எதை எடுத்து வாயில் வைத்தேன் என்பதை மட்டும் இங்கே எழுத விடமாட்டேன்.

பிரித்ததை எல்லாம் மறுபடி பூட்டினாள். பூட்டியது ஓடியது. அதற்குப் பிறகு அவள் நடையே வேறு.

அவர்கள் நாலு பேர். என் மருமகள், லைன்மேன், இதோ எழுதிக்கொண்டிருக்கிற தபால்காரி, அப்புறம் ரொட்டிக்காரன். தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவன். ஆள் தங்கம், வயிறு கொஞ்சம் முன்னால் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு சைக்கிளும் எங்கள் முன்னறையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மலை.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் சைக்கிளைத் தானே முடுக்கக் கூடாது. "நம்ம சைக்கிள்னா நம்ம கண்ணு மன்னிச்சிடும் அத்தை" என்பாள். ஒருவர் சைக்கிளை இன்னொருவர் முடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஸ்பேனர் வைத்திருந்தார்கள். போதும் என்கிற அளவுக்கு இறுகியதும் அது 'டக்'கென்று சத்தம் கொடுக்கும். சத்தம் வந்ததும், முடுக்கியவர் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் துளி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். என் மருமகளுக்குச் சிவப்பு, லைன்மேனுக்கு நீலம், தபால்காரிக்குக் கறுப்பு, ரொட்டிக்காரனுக்குப் பச்சை. ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் சொல்லாமல் தொட்டால் தண்டனை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் கடைசியாக வர வேண்டும். முன்னால் போகிற மூன்று பேர் கிளப்பும் புழுதியையும் தின்னவேண்டும்.

இந்த நெயில் பாலிஷில்தான் தெரு வழுக்கி விழுந்தது. லைன்மேன் கடையில் நெயில் பாலிஷ் வாங்கியதை மேல்மாடிக்காரி பார்த்துவிட்டாள். மறுநாள் என்னிடம் இறங்கி வந்தாள்.

"ஏன் பெரியம்மா, உங்க மருமகளுக்கு அந்த ஆளு நெயில் பாலிஷ் எல்லாம் வாங்கித் தராராமே?"

"அவளுக்கு இல்லம்மா, சைக்கிளுக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தது. எழுத்துத் தெரியாத எனக்கே படிக்க முடிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், உயர மலையில் ஒரு சைக்கிள் முகாம் இருக்கிறதே, அங்கிருந்து இவளுக்கு அழைப்பு வந்தது. பல ஊர்க்காரர்களும் வந்து ஓட்டுகிற இடம். அங்கே சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ள, பட்டறையைத் தன் பொறுப்பில் நடத்த ஓர் ஆள் வேண்டும், தங்க அறையும் உண்டு என்றார்கள். முகாம்காரர் ஒருமுறை இங்கே வந்து, இவள் கோடு போடுகிற வழக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவர். என் மருமகள் அப்படி ஆசைப்பட்டு நான் எதையும் பார்த்ததில்லை. இருட்டறையில் நின்று அடுத்தவர் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஆகாயத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. ஆனால் முகாம்காரர் முடிவாகச் சொல்வதற்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்தது.

ரொட்டிக்காரன் விழுந்தான். பாறையிலிருந்து குதித்து இறங்கும்போது ஹேண்டில்பார் முன்பக்கமாகச் சுழன்றுவிட்டது. இவன் அதற்கு மேலால் பறந்து போய், தோளெலும்பு இரண்டு துண்டு. அவனைப் படமெடுத்ததும் என் மருமகள்தான். முந்தின நாள் அவன் சைக்கிளை முடுக்கியதும் அவளேதான். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இருந்தது சிவப்புக் கோடு.

போதாதா? தெருவுக்கு விருந்து. "எலும்பை உடைக்கறதும் இவதான், படம் புடிக்கறதும் இவதான், நல்ல வியாபாரம்" என்றார்கள். ரொட்டிக்காரன் பெண்டாட்டி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"உன் கையை நம்பித்தானே வண்டியை விட்டாரு! உன் கோடுதானே அது? சொல்லு, உன் கோடுதானே?" என்று என் மருமகளின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். என் மருமகள் எதையுமே உடைக்காமல் நின்றாள். அடிபட்ட சைக்கிள் அவளுக்குப் பின்னால் தாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த விரலைப் பார்த்தேன். நகத்தில் சிவப்பு, அதில் பொடிப்பொடியாக ஜிகினா மின்னியது. திரும்பி போல்ட்டைப் பார்த்தேன். அங்கேயும் சிவப்பு. அங்கேயும் ஜிகினா. என் மருமகளின் சிவப்பு வெறும் சிவப்பு, ஒருநாளும் மின்னாது.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அத்தை, மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க."

வந்தவள் கத்தி முடித்துப் போன பிறகுதான் விட்டேன்.

"ஏண்டி, உனக்குத் தெரியுமா?"

"பார்த்ததுமே தெரியும். கழட்டிட்டு, கையால முடுக்கி, மேல பூசியிருக்காரு."

"சொல்ல வேண்டியதுதானே!"

"நான் சொன்னா சண்டை. அவரே வாயால சொன்னாத்தான் இனிமே அவர் கையை நம்பி நாங்க சைக்கிள் ஏற முடியும். எலும்பு கூடட்டும், சொல்லுவாரு. நீங்களும் சொல்லக் கூடாது."

எலும்பு கூடும்வரை முகாம்காரர் காத்திருப்பாரா? சேதி அவர் காதுக்கும் போய்விட்டது. அவர் போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கையில் தவறு வருகிற ஆளிடம் பட்டறையைக் கொடுக்க முடியாது, இந்த வாரத்துக்குள் எனக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும் என்றார். இவள் "சரி சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு ஸ்பேனர்களைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் ரொட்டிக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். ரொட்டிக்காரன் கையைத் தொட்டிலில் போட்டமாதிரி கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி ரொட்டியை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் நகம் ரொம்ப அழகா இருக்கும்மா. எங்க வாங்கினே? என் மருமகளோட சிவப்பு இப்படி மினுங்கவே மாட்டேங்குது" என்றேன்.

சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது இங்கெல்லாம் கிடைக்காது பாட்டி. எங்க அண்ணன் வெளியூர்ல இருந்து வாங்கிட்டு வந்தான்."

"இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் இருக்காதா?"

"யார்கிட்டயும் இருக்காது."

"அப்படின்னா உன் புருஷன் சைக்கிள் போல்ட்டுக்கு எப்படி வந்துச்சு?"

கத்தி ரொட்டியில் பாதியிலேயே நின்றது. கடையில் இருந்த எல்லாத் தலையும் மூலைக்குத் திரும்பியது.

ரொட்டிக்காரன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "பாட்டி... குனிஞ்சு ஓட்டினா தொப்பை தெரியுது. மச்சான் கீழ நின்னு போட்டோ எடுக்கறேன்னான். அதான் ஹேண்டிலைக் கொஞ்சம் மேல திருப்பினேன். அக்கா போட்ட கோடு முறிஞ்சு போச்சு. தெரிஞ்சா என்னைக் கடைசியில வரச் சொல்லுவாங்க. போட்டோவுல முதல்ல வரணும்னு..."

"தொப்பையை மறைக்கவா தோளை ஒடிச்சுக்கிட்டே?" என்றாள் பெண்டாட்டி. "அதுவும் என் பாட்டிலை எடுத்து!"

"படமெடுக்கற ரூம்லயே சொல்ல வந்தேன். அக்காதான் பேசாதீங்க, மூச்சைப் பிடிங்கன்னாங்க."

"அன்னைக்குப் பிடிச்ச மூச்சை இன்னைக்கு வரைக்கும் விடலையாடா நீ?" என்றேன். "இப்ப விட்டுட்டே இல்ல? நல்லது. போனை எடு. முகாம்காரர்கிட்டயும் விடு."

இடது கையால் தட்டுத்தடுமாறி எண்ணை அழுத்தினான். ஒன்று விடாமல் சொன்னான், தொப்பையைக்கூட விடவில்லை. அக்கா கண்ணுக்கு இந்த ஜிகினா தப்பியிருக்காது, நானே சொல்லட்டும் என்றுதான் பொறுத்திருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னான். அந்தப் பக்கம் முகாம்காரர் சிரித்தது கடைக்கே கேட்டது. ஒன்றாம் தேதி அவரை வரச் சொல்லுங்கள் என்றார். பிழையைத் தானே ஒப்புக்கொள்ளட்டும் என்று பொறுத்தவளின் கைதான் தமக்கு வேண்டும் என்றும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தால் இவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். சேதி எனக்கு முன்னால் வீடு வந்துவிட்டது.

"சொல்லக் கூடாதுன்னு சொன்னேனே அத்தை."

"நான் எங்கேடி சொன்னேன்? கேட்டேன். அவன் சொன்னான்."

மூச்சை இழுத்தாள், பிடித்தாள், சிரித்துவிட்டாள்.

அப்புறம் என்னையும் கூப்பிட்டாள். "நீங்களும் வாங்க அத்தை, ரூம் பெருசா இருக்காம்." மலை என் முட்டிக்கு ஆகாது, நீயே படமெடுத்துப் பார்த்த முட்டிதானே என்றேன். அப்படியானால் நானும் போகவில்லை என்று ஆரம்பித்தாள். நான் வாசற்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, கொசு வருகிறது, சீக்கிரம் முடிவு பண்ணு என்றேன். பின்னறையைத் தபால்காரி எடுத்துக்கொண்டாள். வாடகை வீட்டில் சைக்கிள் வைக்க இடமில்லாமல் தவித்தவளுக்கு இங்கே ஆளையும் சேர்த்துத் தாங்க இடம் இருந்தது.

போகிற அன்று காலையில் என் மருமகள் வீட்டைச் சுற்றி வந்து முடுக்கினாள். குழாய், ஜன்னல் கொக்கி, நான் உட்காரும் நாற்காலியின் கால், குளியலறைக் கைப்பிடி. எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. "கோடு முறிஞ்சா தொடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள். "உன் கோடு முறியுமா?" என்றேன். "முறியாது" என்றாள். அவளுக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை.

தெருவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். மேல்மாடிக்காரி உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்கம்மா, இவ்ளோ பெரிய பயணம்?"

"வேலைக்குப் போறேங்க்கா!" என்று அண்ணாந்து சொன்னாள் என் மருமகள். அதைவிட உரக்க எப்படிச் சொல்வது? அதைத்தான் ஓடிப்போனாள் என்கிறாள்.

என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வாசற்படியில் சைக்கிளைத் தூக்கி இறக்கினாள், ஏறினாள், மணியை அடித்தாள். வழியனுப்பப் பின்னால் லைன்மேன், அவனுக்குப் பின்னால் தபால்காரி. அவர்களுக்கும் பின்னால், பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு ரொட்டி வண்டி. பெண்டாட்டிதான் ஓட்டினாள். பக்கத்தில் கைக்கட்டோடு ரொட்டிக்காரன், கண்ணாடியை ஏற்றாமல், தன் பங்குப் புழுதியைத் தின்றுகொண்டே போனான்.