பைபிள் அம்மாவும் கந்தப்பர் கேட்ட பாட்டும்

யாழ்ப்பாணத்து இணுவிலில் வீடு வீடாகப் போய் யேசுவைப் பாடுவதென்றால் அதற்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். ஊரே முருகன் ஊர். போதாக்குறைக்குத் தவிலும் நாதஸ்வரமும் குடியிருக்கும் ஊர். சுருதி மயிரிழை விலகினாலும் பொறுக்கமாட்டார்கள். அந்த ஊரில்தான் இரத்தினம்மா, கையில் சுருதிப்பெட்டியும் கக்கத்தில் வேதப்புத்தகமுமாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தாள். திருச்சபை அவளுக்குக் கொடுத்த வேலை அது. ஊர் அவளுக்குப் பைபிள் அம்மா என்று பெயர் வைத்தது.

அவள் குரலை மட்டும் ஒருவராலும் குறை சொல்ல முடியவில்லை. பெண்கள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பாட்டு முடிந்து அவள் புத்தகத்தை விரித்தால் போதும், "சரி அம்மா, உலை கொதிக்குது" என்று எழும்பிவிடுவார்கள். பாட்டுக்கு ஆள் இருந்தது. பாட்டில் வந்தவருக்கு ஆள் இல்லை. இவளால் மனந்திரும்பினேன் என்று சொல்ல ஒரு குஞ்சு குருமான்கூடக் கிடையாது. தலை நரைத்த பிறகும் அந்தக் குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, இணுவிலோடு சேர்ந்த வலிகாமப் பகுதியே வீட்டை விட்டு எழும்பியது. கொட்டும் மழையில் சனத்தோடு சனமாக நடந்து தென்மராட்சிக்கு வந்தவள், மட்டுவிலில் ஒரு வீட்டுப் படலையில் நின்றாள். பள்ளிக்கூடம், கோயில் மடம் எல்லாம் நிரம்பி வழிந்தன. அந்த வீட்டுக்காரி கமலாவதி, இளம் விதவை. வந்தவளின் கோலத்தைப் பார்த்து அடுக்களையோடு சாய்த்து இறக்கிய பத்தியை ஒதுக்கிக் கொடுத்தாள். வேதப்புத்தகத்தைக் கண்டதும் ஒன்று மட்டும் சொன்னாள்.

"இருங்கோ அம்மா, எவ்வளவு நாளெண்டாலும் இருங்கோ. ஆனா உங்கடை வேதப்பாட்டு மட்டும் இந்த வளவுக்கை வேண்டாம். மாமா சாகக் கிடக்கிறார். அவரின்ரை காதிலை எங்கடை சாமியின்ரை பேர்தான் விழவேணும்."

"ஓம் பிள்ளை, பாட்டுப் படிக்கமாட்டன்" என்று இரத்தினம்மா வாக்குக் கொடுத்தாள்.

மாமா என்றது கந்தப்பரை. கமலாவதியின் புருஷனைப் பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் தகப்பனும் மகனும் கிளாலிக் கடலைக் கடந்து வரும்போது படகுக்குக் கடற்படையின் சூடு விழுந்தது. மகன் போய்விட்டான், தகப்பன் கரை சேர்ந்தார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மனிதர் அதற்குப் பிறகு வாய் திறந்ததேயில்லை. செத்த வீட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தலைமாட்டில் தேவாரம் படிக்க வருகிறேன் என்றிருந்தவரும் இந்த இடப்பெயர்வில் எங்கே போனாரோ, ஆளைக் காணவில்லை.

இரத்தினம்மா வாக்கை மீறவில்லை. ஆனால் விடிந்தால் பாடிப் பழகிய தொண்டை சும்மா கிடக்குமா? வாயை மூடிக்கொண்டு முனகினால் அது பாட்டில் சேராது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த அளவு கள்ளம் அவளிடமும் இருந்தது. யாழ்ப்பாணத்து வேதப்பாட்டும் தேவாரமும் ஒரே ராகங்களில்தானே ஓடுகின்றன? சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ஆர் பிள்ளை தேவாரம் படிக்கிறது? இஞ்சை வரச்சொல்லு" என்றார் கந்தப்பர்.

கமலாவதி பத்திக்குள் வந்தாள். அவளுக்கு உண்மை தெரியும். ஆனால் கிழவர் வாய் விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலம். "ராகத்தை மட்டும் படியுங்கோ அம்மா. சொல்லு வேண்டாம். பொய்தான், என்ன செய்யிறது? மனிசன் நிம்மதியாப் போகட்டும்" என்றாள்.

இரத்தினம்மா போய்த் தலைமாட்டில் இருந்து முனகினாள். கந்தப்பர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சொல்லை விட்டுப்போட்டு ஏன் படிக்கிறாய்? சொல்லிப் படி பிள்ளை."

ஐயனே, நாதனே என்று எந்தச் சாமிக்கும் பொருந்தும் அடிகள் இரத்தினம்மாவிடம் ஏராளம். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் கமலாவதியும் கோபிக்கமாட்டாள். கிழவரும் முருகன் என்றே கேட்டுக்கொண்டு போய்ச் சேருவார். அல்லது யேசுவின் பெயரையே அந்தக் காதில் போட்டுவிடலாம். வாழ்நாளில் பாடு என்று அவளைக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். அவரும் ஆள்மாறிக் கூப்பிட்டவர். களவாகக் கொடுத்தால் அது நற்செய்தியா? உண்மையைச் சொன்னால் இந்த மழையில் நடுத்தெருவுக்குப் போகவேண்டியும் வரலாம்.

"ஐயா, நான் வேதக்காரி. நான் முனகினது யேசுசாமியின்ரை பாட்டு. உங்களை ஏமாத்த எனக்கு மனமில்லை."

கமலாவதியின் முகம் கறுத்துப்போயிற்று. கந்தப்பர் கூரை வளையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்கடை சாமியைச் சிலுவையிலை அடிச்சுத்தானே கொண்டவங்கள்?"

"ஓம் ஐயா."

"அவரைப் பெத்த தேப்பன் எங்கை போனவர்?"

"தேப்பன் பரலோகத்திலை. பாத்துக்கொண்டுதான் இருந்தவர்."

"பாத்துக்கொண்டிருந்து என்ன செய்தவர்?"

இதற்குப் பதில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏன் சாகவிட்டார், யாருக்காகச் சாகவிட்டார் என்று எத்தனை முற்றங்களில் விரித்துச் சொல்லியிருப்பாள்! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை ஐயா" என்றாள். "பெத்த பிள்ளை கூப்பிடக் கூப்பிட, சும்மா இருந்தவர்."

கந்தப்பர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நானும் ஒண்டும் செய்யேல்லை" என்றார். "பெடியன் 'அப்பா, பிடியுங்கோ' எண்டு கை நீட்டினவன். நான் பயத்திலை பலகைக்குக் கீழை கிடந்தனான். எழும்பேல்லை, பிள்ளை. என்ரை கையை நான் நீட்டேல்லை."

கமலாவதி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். புருஷனின் கடைசி வார்த்தையை அவள் அன்றுதான் கேட்டாள்.

"அந்தத் தேப்பனைப் பற்றிப் பாட்டிருந்தால் படி" என்றார் கிழவர்.

அப்படியொரு பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரத்தினம்மா அனுமதிக்காகக் கமலாவதியைப் பார்த்தாள். அவள் தலையசைத்துவிட்டு வந்து கட்டிலின் மற்றப் பக்கத்தில் இருந்தாள். இரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை போன வீட்டில் ஒரு தகப்பன் அழுவதுபோல், வந்த சொல்லை வந்தபடி போட்டுப் பாடத் தொடங்கினாள். கிழவரின் கண்ணிலிருந்து நீர் ஓடித் தலையணையில் இறங்கியது. போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை மெல்ல எழும்பி, ஒன்றையும் பிடிக்காமல், அந்தரத்தில் நீண்டு நின்றது.

கமலாவதி அதை எட்டிப் பிடித்தாள்.