பதினாலு வோல்ட்

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு என் மகளின் பைக்கில் ஹெட்லைட் மங்கத் தொடங்கியது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு அகல் விளக்கு என்று அவளே சொன்னாள். ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த தவளையின் குரல். கடைசியில் லைட் அணைந்து, இன்ஜினும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. மரக்காணத்துக்கு வெளியே, இரண்டு பக்கமும் உப்பளம். கைக்கெட்டும் தூரத்தில், பின்விளக்கு இல்லாமல் ஓர் உப்பு லாரி நின்றிருந்ததாம்.

"செம டைமிங்பா. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா லாரிக்குள்ளயே போய் உக்காந்திருப்பேன்" என்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி எனக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது. வயதில் மகளுக்கு அக்கா. வானூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்ததும் அவள் அதை எடுத்துக்கொண்டாள். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், திரும்பும்போது கிடைக்குமா என்பதும் சந்தேகம்.

"இனிமே இருட்டினா வண்டி எடுக்கக் கூடாது" என்றேன்.

"ஆபீஸ் வுடறதே ஆறு மணிக்கு. வேலைய வுட்டுடுன்னு நேரா சொல்லுபா."

அவளே முடிவெடுத்தாள்: "நாளைக்குள்ள என்ன கோளாறுன்னு கண்டுபிடி. முடியலைன்னா திங்கக்கிழமை ஹெல்மெட்ல டார்ச் கட்டிக்கினு போவேன்." செய்யக்கூடியவள்தான்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினேன். பேட்டரி புதிது. ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடந்ததால் மீட்டரில் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினால் அது பதினாலுக்கு ஏற வேண்டும். ஏறினால் பேட்டரிக்குச் சாப்பாடு போகிறது என்று அர்த்தம். மகள் முறுக்கினாள். எண் இறங்கியது. பேட்டரி கொடுத்துக்கொண்டே இருந்தது. அதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

மின்சாரம் உண்டாக்கும் காயிலின் வயரைப் பிரித்து அளந்தேன். முறுக்க முறுக்க ஜோராக ஏறியது. மிச்சம் ரெகுலேட்டர், காயிலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் கையகலப் பெட்டி. பக்கத்து வீட்டு உப்பள மேஸ்திரியிடம் இதே மாடல் வண்டி உண்டு. "என்னுதக் கழட்டி மாட்டிப் பாரு சார். ஆனா என் வண்டியையும் படுக்க வெச்சிடாத" என்று கொடுத்தார். மாட்டினோம். பழைய கதைதான்.

காயில் நல்லது, ரெகுலேட்டர் நல்லது, பேட்டரி நல்லது. எல்லாரும் நல்லவர்கள், வீடு மட்டும் இருட்டு.

"பிளஸ் டூ பசங்களுக்கு கரண்ட்டு பாடம் நடத்துறது நீதானே?" என்றாள் மகள்.

"ஆமா."

"பாவம்பா அவங்க."

அப்போது டீ கொண்டுவந்த என் மனைவி, டம்ளரைக் கொடுக்காமல் வண்டியையே பார்த்தாள். ஸ்பேனர் வழுக்கி, ரெகுலேட்டர் பக்கத்தில் கோடு கோடாகக் கீறியிருந்தது. "அடிச்ச பெயின்ட்டு வாசனைகூடப் போவல, அதுக்குள்ள இப்படிக் கீறி வெச்சிருக்கீங்க!"

எங்கள் பக்கம் வெறும் இரும்பை யாரும் சும்மா விடமாட்டோம். உப்புக் காற்று தின்றுவிடும். மழை விட்டதும் கேட், ஜன்னல் கம்பி, சைக்கிள் என்று கொடிக் கொக்கி வரைக்கும் பெயின்ட். மகள் ஓட்டப்போகிறாளே என்று இந்தத் தடவை வண்டியையும் அக்கு அக்காகக் கழற்றி இரண்டு கோட் அடித்திருந்தேன். ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் துரு தெரிந்ததால் அங்கே மட்டும் மூன்று. போல்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குத் தனி எர்த் வயர் கிடையாது. வண்டியின் உடம்போடு இரும்புக்கு இரும்பு ஒட்டி உட்கார்ந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். நடுவில், மின்சாரத்தை விடாத என் மூன்று கோட் பெயின்ட்.

டீயை மறந்தேன். ஒரு துண்டு வயரை எடுத்து, பெட்டியின் உடம்பையும் பேட்டரியின் மைனஸையும் இணைத்துப் பிடித்தேன். "முறுக்கு." பதின்மூன்று. பதின்மூன்றரை. பதினாலு!

"டீ குடுத்தே சரி பண்ணிட்டியேம்மா!" என்று மகள் கத்தினாள்.

"நான் இன்னா பண்ணேன்?" என்றாள் அவள், இன்னும் கீறலையே பார்த்தபடி.

உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தேன். வெள்ளை இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் அதை மூடிவிடக் கை பரபரத்தது. மகள் பிரஷ்ஷை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். பெட்டியை இறுக்கிய பிறகு, சுற்றிலும் கொஞ்சம் வாசலின் தடவ மட்டும் அனுமதி கிடைத்தது. மேஸ்திரியின் ரெகுலேட்டர் பத்திரமாக அவர் வண்டிக்குத் திரும்பியது.

நன்றாக இருட்டும்வரை காத்திருந்து அவள் வண்டியை எடுத்தாள். உப்பளம் வரை போய் வருவதாகத் திட்டம். "நானும் பின்னால உக்காந்து வர்றேனே?" என்றேன். "வேணாம்பா."

கேட்டில் நின்றேன். ஒரு மொபெட் வந்தது. ஒரு லாரி போனது. அதுவும் உப்பளத்துப் பக்கம்தான் போனது; கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தேன்.

"உள்ள வந்து உக்காருங்க. நீங்க நின்னாதான் லைட்டு எரியுமா?" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். ஆனால் அவளும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

தெருமுனை திரும்பிய வெளிச்சத்தில் எங்கள் காம்பவுண்ட் சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. வண்டி கேட்டருகில் வந்து நின்றது. மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எதிர்ல வந்த உப்பு லாரிக்காரன், 'டேய், டிம் பண்றா, கண்ணு கூசுது'ன்னு திட்டிட்டுப் போறான்பா."